குதிரை வீடு

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் சீட் பிடிப்பது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. பஸ் வளைந்து உள்ளே வரும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். எங்கள் லாரி எடைமேடையில் வேலை பார்த்த அக்கா கைப்பையையே வீசிவிடுவார். தினமும் இடம் கிடைத்துவிடும். தினமும் அந்த இடத்தை யாருக்காவது கொடுத்துவிட்டு எழுந்துகொள்வார். கூடைக்கார அம்மாவோ, கைக்குழந்தைக்காரியோ, சும்மா கால் வலிக்கிறது என்று முனகுகிற ஆளோ, யாராக இருந்தாலும் சரி. கொடுத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இதுக்கா இந்த ஓட்டம் ஓடி எடம் புடிச்சீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணப் போறேன்?" என்றார்.

பாவம், ஏமாந்த மனுஷி என்று இரண்டு மாதம் பரிதாபப்பட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். படிக்கட்டில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக்கொண்டே வருவார். அக்காவிடம் வந்ததும் அக்கா, "நான்தாங்க எந்திரிச்சு எடம் குடுத்தேன், இங்கயே நின்னுக்கறேன்" என்பார். கண்டக்டர் அடுத்த ஆளைக் கத்தப் போய்விடுவார். பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழையும்போது வேப்பந்தட்டை பஸ் எஞ்சின் போட்டு உறுமிக்கொண்டு நிற்கும். படிக்கட்டிலிருந்து முதலில் குதிக்கிற ஆள்தான் அதைப் பிடிக்க முடியும். அந்த ஆள் அக்கா. ஜன்னலோரம் காற்று வாங்கி வந்தவர்கள் ஒரு மணி நேரம் கொசுக்கடியில் நிற்பார்கள்.

பெரிய இடத்தைப் பிடித்து, அதைக் கொடுத்து, தனக்கு வேண்டிய சின்ன இடத்தை வாங்கிக்கொள்வது. அக்கா என்றால் அதுதான். ஊர் அவர் கொடுத்ததை மட்டும் பார்த்தது.

நான் யார் என்று கேட்பீர்கள். சிறுவாச்சூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டின குடும்பம். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன். லாரியில் கிளீனராக ஏறினவன், டிரைவராகி, ஓனராகி, இன்றைக்குப் பதினோரு டிப்பர் என் பெயரைப் போட்டுக்கொண்டு ஓடுகின்றன. ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பட்டம் வாங்கினவர்கள் நான்கு பேர் என் ஆபீஸில் உட்கார்ந்து என்னிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். இதை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து நானே பிடித்துக்கொண்டது. ஆனால் யாரைப் பார்த்தாய் என்று கேட்டால், அக்காவைத்தான் சொல்வேன்.

அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் எடை போடுகிற மேடை ஒன்று இருந்தது. அக்கா அங்கே எடைச்சீட்டு எழுதினார். வண்டி மேடையில் ஏறும், அக்கா தராசுக் கம்பியில் குண்டைத் தள்ளுவார், அது நேராக நிற்கும், எழுதுவார். வண்டி நம்பர், நேரம், எடை. ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. வண்டிகள் வரிசையில் அரை நாள் நிற்கும். பொழுது போகச் செஸ் ஆடுவோம். உடைந்த லாரியின் பின்பலகையில் பெயின்ட்டால் கட்டம் போட்டிருந்தோம். தொலைந்துபோன சிப்பாய்களுக்கு டயர் வால்வு மூடி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் டிரைவர்கள். ஆடிக்கொண்டே எடை போடுவார், எடை போட்டுக்கொண்டே ஜெயிப்பார்.

அவருடைய அப்பா இறந்தபின் வேப்பந்தட்டையில் பாகம் பிரித்தார்கள். சாட்சிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். தம்பிக்காரன் வீடு வேண்டும், கிணற்றடிக் காடு வேண்டும், மேட்டுக்காடும் வேண்டும் என்று வரிசையாகக் கேட்டான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"என்னாடி இது, மொத்தத்தையும் தூக்கிக் குடுக்குற?" என்று பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டார்.

"வூடு அவனுக்கு, காடு அவனுக்கு. அம்மா எனக்கு" என்றார் அக்கா. "இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். அதையும் பத்திரத்துல எழுதுங்க."

"அம்மாவை யாராவது பாகத்துல எழுதுவாங்களா?" என்று தம்பி சிரித்தான்.

"எழுதலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

எழுதினார்கள். தம்பி மனைவியிடம் அந்த அம்மா பட்ட பாடு அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் பதினேழு வருஷம் அந்த அம்மா மகள் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். வீட்டையும் காட்டையும் விட்டவள் என்று ஊர் அக்காவை ஏமாளிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அக்கா அதற்கும் அதையேதான் சொன்னார். "அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

குவாரி மேனேஜர் ஒருவர் இருந்தார். காலேஜில் செஸ் ஆடிக் கோப்பை வாங்கினவர். கோப்பையை ஆபீஸ் மேஜையிலேயே வைத்திருப்பார். ஆயுத பூஜை அன்றைக்கு லாரிகளுக்கு மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தோம். மேனேஜர் பொரி வாங்கிக்கொண்டு எடைமேடைக்கு வந்தார். பலகையைப் பார்த்தார்.

"யாருய்யா இங்க பெரிய ஆளு?"

எல்லோரும் அக்காவைக் காட்டினோம். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"சீட்டு எழுதுற அம்மாவா? சரி, உக்காருங்க. உங்க பலகை, உங்க பலகைச் சட்டப்படியே ஆடறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அக்கா வெள்ளைக் காய்.

பாதி ஆட்டத்தில், பூஜை முடிந்த முதல் லோடாக என் வண்டிதான் மேடைக்கு ஏறியது. அக்கா எழுந்துபோய் எடை போட்டார், எழுதினார், சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார், திரும்ப வந்து உட்காரும்போதே ராணியைத் தூக்கி மேனேஜருடைய யானைக்கு முன்னால் வைத்தார். துணைக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை. முப்பது டிரைவர்கள் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள்.

மேனேஜர்கூட இரக்கப்பட்டார். "பாத்துதான் வெச்சியாம்மா? வேணும்னா திருப்பி எடுத்துக்க."

"அதை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ணப் போறேன்?" என்றார் அக்கா.

மேனேஜரின் யானை ராணியை எடுத்தது. நான்காவது நகர்த்தலில் அக்காவின் யானையும் குதிரையும் சேர்ந்து அவருடைய ராஜாவை மூலையில் முடக்கிவிட்டன. மேனேஜர் ராஜாவைப் படுக்க வைத்தார். நாங்கள் எழுப்பின சத்தத்தில் ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போனது. எழுதிப் பழகின கை அல்லவா, அன்றைக்கே அக்கா மொத்த ஆட்டத்தையும் எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதி எனக்குக் கொடுத்தார். அரியலூர், பெரம்பலூர் லாரிக்காரர்கள் மத்தியில் அந்த ராணி வெட்டுக்கு இருக்கிற புகழ் இன்றைக்கும் குறையவில்லை. அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் மறுநாளே மேனேஜர் ஒரு வார்த்தையைப் பரப்பிவிட்டார். "பொம்பளைன்னு விட்டுக்குடுத்தேன்." படித்தவர் சொன்னால் ஊர் நம்பும். பஸ்ஸில் இடத்தைக் கொடுத்தவள், வீட்டைக் கொடுத்தவள், ராணியைத் தெரியாமல் கொடுத்தாள், சார் பெரிய மனது பண்ணினார். கதை வாகாகப் பொருந்திவிட்டது. அக்கா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனை டீக்கடையில் கையை நீட்டிச் சண்டை போட்டிருப்பேன். அக்கா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. சண்டை மட்டும் தீரவில்லை.

போன வருஷம் பெரம்பலூரில் செஸ் ஆடுவதற்கென்று ஒரு ஹால் கட்டிக் கொடுத்தேன். ஏசி போட்டது. எதிர்ச்சுவர் முழுக்க அக்கா ராணியை வைத்த அந்த நிலையை வரைந்து, மேலே அக்கா பெயரை எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே மேனேஜர். ரிட்டையர் ஆகி மகள் வீட்டோடு பெரம்பலூரில் இருக்கிறார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"நான் விட்டுக்குடுத்த ஆட்டம் அது. அதைச் சுவத்துல எழுதினா ஆட வர்றவங்க தப்பாக் கத்துக்குவாங்க. வேணும்னா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. அது யாருக்கும் சொந்தக்காரன் இல்ல."

"போடுங்க" என்றேன். கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லிவிட்டால் சுவர் வெள்ளையாகவே இருக்கும். அக்கா என்றைக்கும் ஏமாளியாகவே இருப்பார். தெரிந்துதான் சொன்னேன்.

அந்த ஹாலில் செஸ் கற்றுக்கொடுக்கிற அம்மா, எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவோம், சீட்டில் இருந்ததை இங்கிலீஷ் எழுத்தில் மாற்றி எழுதி லேப்டாப்பில் ஏற்றி, பெரிய டிவியில் காட்டினார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை நின்றது.

"ஐயா, வெள்ளை ஏறினா உங்க அக்காவுக்கு நல்லது. கருப்பு ஏறினா சாருக்கு நல்லது."

ஒவ்வொரு நகர்த்தலாகப் போனது. பட்டை பாதிக்குப் பாதி நின்றது. அக்கா ராணியை வைத்தார். பட்டை சரசரவென்று உச்சி வரைக்கும் கருத்துப்போனது.

மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "நான் என்ன சொன்னேன்?"

"ஏம்மா, ஒன் கம்ப்யூட்டருக்கு நம்ம ஊரு வெயிலு ஒத்துக்கலையா?" என்றேன்.

"ஐயா, இது உலகச் சாம்பியனையே ஜெயிச்சுடும்."

"உலகச் சாம்பியன் அரியலூர் எடைமேடைக்கு வந்து ஆடியிருக்காரா?"

ஹாலில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் கருப்பு ஏறுது? அதைக் கேட்டுச் சொல்லு" என்றேன்.

கோச் காய்களை நகர்த்திக் காட்டினார். கருப்பு யானை ராணியை எடுக்கிறது. அக்கா யானையை நகர்த்துகிறார். மேனேஜருடைய சிப்பாய் ஒன்று கீழே இறங்குகிறது. அக்கா குதிரையை நகர்த்துகிறார். சிப்பாய் கடைசிக் கட்டத்தில் காலை வைக்கிறது. கோச் ஒரு தட்டுத் தட்டினார். சிப்பாய் இருந்த இடத்தில் கருப்பு ராணி எழுந்து நின்றது.

"இதோ, ராணி ஆயிடுச்சு. செக்கும் வெச்சுடுச்சு. உங்க அக்கா ஆட்டம் இங்க முடிஞ்சுது. ஆனா சார் அன்னிக்கு சிப்பாயை ராணி ஆக்காம குதிரை ஆக்கியிருக்கார். அதனாலதான் தோத்திருக்கார். ஏன் அப்படிப் பண்ணினார்னுதான் புரியல."

புரியாமல் என்ன, விட்டுக்கொடுத்ததற்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. ஹாலில் எல்லோரும் மேனேஜரைத் தர்மப்பிரபு மாதிரிப் பார்த்தார்கள். அவர் அடக்கமாகக் கூரையைப் பார்த்தார்.

"இரும்மா" என்று எழுந்தேன். "சிப்பாய் எந்த வூட்டுல இறங்குச்சு?"

"பி ஒன், ஐயா."

"பியாவது ஒன்னாவது. அக்கா என்ன எழுதியிருக்கு? அதைப் படி."

கோச் சீட்டைப் பார்த்துப் படித்தார். "இடக் குதிரை வீடு. சிப்பாய் இறங்கிக் குதிரை."

"குதிரை வூட்டுல இறங்குன சிப்பாய் எப்படிம்மா ராணி ஆவும்?"

கோச் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஐயா, எந்தக் கட்டத்துல இறங்கினாலும் ராணி ஆகலாமே?"

"யாரு சொன்னது?"

"உலகம் பூரா அதுதாங்க சட்டம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அறுபது வயதுக்கு மேல் அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரியும். எங்கள் பலகையில் யானை வீட்டில் இறங்கினால் யானை. குதிரை வீட்டில் இறங்கினால் குதிரை. ராணி வேண்டுமென்றால் ராணி வீடு வரைக்கும் போய்த்தான் தீர வேண்டும். அடுத்தவன் பட்டா நிலத்தில் போய் நம் வீட்டைக் கட்ட முடியுமா? அது எங்களுக்கு அவ்வளவு சாதாரணம், அதனால்தான் நாற்பது வருஷச் சண்டையில் ஒரு தடவைகூட நான் அதைச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தச் சிப்பாய் இறங்கினபோது மேனேஜரின் கை பலகைக்கு வெளியே கிடந்த ராணி பக்கம் போனது. பாதியில் நின்றது. திரும்பி வந்து குதிரையை எடுத்தது. அன்றைக்கு ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தேன். எங்கள் சட்டம் ஞாபகம் வந்து கையை இழுத்திருக்கிறார்.

"சார்" என்றேன். "அன்னிக்கு என்ன சொல்லிட்டு உக்காந்தீங்க? உங்க பலகைச் சட்டப்படியே ஆடறேன்னு சொன்னீங்களா, இல்லியா?"

"அப்படியா சொன்னேன்? ஞாபகம் இல்லியே."

"முப்பது டிரைவருக்கு ஞாபகம் இருக்கு. பாதிப் பேரு உசுரோட இருக்கான், கூட்டிட்டு வரவா?"

கோச் கையமர்த்தினார். "ஐயா, சண்டை வேணாம். சட்டத்தை மாத்தி எழுதிக் குடுத்தா அதும்படி ஆடுற கம்ப்யூட்டர் ஆட்டமும் இருக்கு. உங்க பலகைச் சட்டம் மொத்தத்தையும் சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்."

அந்த ஒரு வாரம் நான் லோடு கணக்கே பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்தவன் கம்ப்யூட்டருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் நடக்கும். செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரிப் பாயலாம். கோச் போன் மேல் போன் போட்டார்.

"ஐயா, ராஜா வீட்டுல சிப்பாய் இறங்கினா?"

"ராணிதான். ராஜா வூட்டுல வேற யாரும்மா இருப்பா?"

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பழைய டிரைவர்கள் ஒன்பது பேரை நானே காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். இந்தத் தடவை கோச் அக்காவின் நகர்த்தலைக் காட்டவில்லை. அதற்கு முந்தின நிலையில் நிறுத்தி, "நீயே கண்டுபிடி" என்று கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டார். ஒரு அம்புக்குறி யானையைக் காட்டியது. மாறிக் குதிரையைக் காட்டியது. அப்புறம் அம்புக்குறி ராணியின் மேல் வந்து, நேராக மேனேஜருடைய யானைக்கு முன்னால் போய்க் குத்தி நின்றது. பட்டையில் வெள்ளை நிமிர்ந்து உச்சியைத் தொட்டது.

"ஐயா" என்றார் கோச். அவர் குரலே மாறியிருந்தது. "இது நல்ல மூவ் மட்டும் இல்ல. ஜெயிக்கிறதுக்கு இது ஒண்ணுதான் மூவ். வேற எதை ஆடினாலும் சார் தப்பிச்சுடுவார். ராணி ஆகப் போறோம்ங்கிற நெனப்புல சார் சிப்பாயைத் தள்ளுவார்னு உங்க அக்கா முன்னாடியே பாத்திருக்காங்க. ராணியைக் குடுத்து யானையைக் காவல்லேர்ந்து வெளிய இழுத்திருக்காங்க."

பழைய டிரைவர்கள் ஹாலுக்குள்ளேயே விசில் அடித்தார்கள். நான் அடக்கவில்லை. என் ஹால், நானும் அடித்தேன். ஒரு லாரியை எடை போட்டு இறக்குகிற நேரத்தில் ஒரு மனுஷி கண்டுபிடித்தது. எடை போட்டது என் லாரி.

சத்தம் அடங்கினதும் மேனேஜர் கைத்தடியால் தரையை மெல்லத் தட்டினார். சுவரைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கோச்சைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு போட்டுப் பாரும்மா. நான் அந்த ராணியை எடுக்கல. யானை அங்கேயே நிக்குது. ராஜாவை எடுத்து, குதிரைப் பாய்ச்சல்ல இந்தப் பக்கம் குதிக்க வெச்சிருந்தா?"

ஹால் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. பலகையைப் பார்க்காமலேயே நகர்த்தலைச் சொல்லியிருந்தார். எங்கள் பலகைச் சட்டத்தில் சொல்லியிருந்தார்.

கோச் போட்டுப் பார்த்தார். பட்டையில் வெள்ளை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. "மேட்தான் சார். ரெண்டு மூவ் லேட்டா ஆகும், அவ்ளோதான்."

"ம். நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சார், விட்டுக்குடுத்த ஆட்டத்தை யாராவது நாப்பது வருஷம் வூட்டுல உக்காந்து திருப்பித் திருப்பி ஆடிப் பாப்பாங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆயுத பூஜை அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை.

"பெயின்டரை வரச் சொல்லுய்யா" என்றார். "என் பேரையும் போடு. தோத்தவன் பேரு இல்லாம, ஜெயிச்சாங்கன்னு யாரு நம்புவா?"

போட்டேன். அக்கா பெயருக்குக் கீழே, பாதி அளவு எழுத்தில்.